ரமிரோவின் தொட்டிக்கு ஒரு பில்டர்

கரண்ட் போனதால் எங்கள் வீட்டில் எதுவும் கெட்டதில்லை. கெடுவதெல்லாம் அது திரும்பி வரும்போதுதான். போன தடவை வந்த வேகத்தில் என் மிக்ஸி, பக்கத்து வீட்டு டிவி, ரமிரோவின் மீன்தொட்டி மோட்டார் மூன்றையும் கருக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தது. மிக்ஸி போனதற்கு நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ரமிரோவுக்கு எதையும் மசித்துத்தான் கொடுக்க முடியும். கவலை வரவில்லை. சேப்பங்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக் கொடுத்தேன்.

ரமிரோ என் கணவன். மயகுவேஸ் ஊரில் பாதி வீடுகளின் ஏசியைத் திறந்து மூடியவன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டுக் கல்லை நகர்த்திக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கை வெளியே வரவில்லை. நான்தான் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே கிடத்தினேன். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. கழுத்து திரும்பாது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வரும். படுக்கையறைக் கதவு குறுகலாக இருந்ததால் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கூடத்திலேயே போட்டோம். கால்மாட்டில் தொட்டி. தலைமாட்டுக்குப் பின்னால், கதவில்லாத வளைவைத் தாண்டி, என் சமையலறை.

"என்ன புரியுது, என்ன புரியலைன்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா கண்ணு எதையோ தேடிப் பிடிக்குது. அதை மட்டும் பறிச்சுடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கண் பிடித்தது தொட்டியைத்தான். வேறு எதை? சுவர் அகலத்துக்கு அவனே வைத்த தொட்டி அது. உப்புத் தண்ணீர், கல், விரல் நுனி அளவில் வாங்கி முட்டைக்கோஸ் அளவுக்கு அவன் வளர்த்த பவளங்கள். ஒரு மஞ்சள் மீன் கல்லைச் சுற்றிச் சுற்றி வரும். எல்லாவற்றையும் பார்வையிடும், எதையும் செய்யாது. அதனால் அதற்கு மேயர் என்று பெயர் வைத்தான். எனக்கு இந்த மீன்கள்மேல் ஒருநாளும் பிரியம் இருந்ததில்லை. ஆனால் என் புருஷனுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது பார்ப்பது ஒன்றுதான், பார்க்க இருந்தது தொட்டி ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அது செத்தால் அவன் எதைப் பார்ப்பான்? அவ்வளவுதான் விஷயம்.

மோட்டார் எரிந்த அன்று ரமிரோவின் தம்பி குஸ்தாவோ ஒரு சின்னப் பம்போடு வந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வாய் நிற்காது. தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ரமிரோ மிச்சம் மீதி ஏசி குழாய்களைக் கொண்டு தானே ஒட்டிச் செய்த பில்டர் அது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அது இப்போது அவன் தலைக்குள் பூட்டிக் கிடக்கிறது.

"அண்ணி, கோவப்படாம கேளுங்க. இதைத் தலைமுழுகிடலாம்."

"எதை?"

"தொட்டியைத்தான். பின்ன, அண்ணனையா சொன்னேன்?"

"நீ சொன்னாலும் சொல்லுவே."

"அண்ணன்னா மசிச்ச கிழங்கைச் சாப்பிட்டுச் சும்மா இருக்கான். இது அப்படியா? வெளிச்சம், உப்பு, மோட்டார்னு மாமியா மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வருஷமாக என் முகத்தில் எதுவும் ஒட்டுவதில்லை என்று இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிறகு அவனே அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். ரமிரோ எங்கள் தலைக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குஸ்தாவோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, கொண்டுவந்த பம்பை அப்போதைக்குத் தொட்டிக்குள் ஓடவிட்டு, "சரி, சேயோவைக் கூட்டிட்டு வரேன்" என்றான்.

சேயோ சந்தைக்குப் பின்னால் மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவர். ரமிரோவுக்கு மூத்தவர், அவனுடைய மீன் பைத்தியத்துக்கு மூலகாரணம். சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த மனுஷன், பக்கவாதத்துக்குப் பிறகு ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை. இப்போது உள்ளே வந்ததும் நேராகத் தொட்டியிடம் போய், "என்ன மேயர், சௌக்கியமா?" என்று மீனைக் கேட்டார். கட்டில் பக்கம் திரும்பவில்லை. முன்பென்றால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். போகட்டும் என்று காப்பி போடப் போனேன்.

கம்பி வளையத்தில் மாட்டிய பழுப்பேறிய துணியில் நான் காப்பி வடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் வந்து நின்றார்.

"அம்மாடி, இந்தத் துணியைச் சோப்பு போட்டுக் கழுவுவியா?"

"யாராவது கழுவுவாங்களா? காப்பியோட ருசியே போயிடும்."

"அவ்வளவுதான். பில்டரும் அதேதான். அழுக்கை வடிகட்டறது சும்மா ஒரு பாதி வேலை. அதுல ஊறிப்போயிருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்கதான் மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துது. அதுங்களுக்கு ஒரு வீடு வேணும். எந்த மாதிரி வீடுங்கறதுதான் கேள்வி."

கூடத்தில் கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே நின்று மூன்று விதம் சொன்னார். முதலாவது, மூடிய டப்பா. தொட்டிக்குக் கீழே அடக்கமாக உட்காரும், சத்தம் கிடையாது.

"அதையே போடுவோம்" என்றான் குஸ்தாவோ.

"போடலாம். நம்ம ஊர்ல கரண்ட் போகாதுன்னா போடலாம். மூடின டப்பாவுல தண்ணி ஓடாம நின்னா உள்ள இருக்கிற பூச்சியெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துடும். சாயங்காலம் கரண்ட் வரும்போது அந்த நாத்தத்தை மொத்தமாத் தொட்டிக்குள்ள கொட்டும். மேயர் அன்னிக்கே ராஜினாமா."

இரண்டாவது, நுரைக் கோபுரம். பெரிய மோட்டார் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்து, பாத்திரம் கழுவும்போது வருகிற மாதிரி நுரை கிளப்பும். அழுக்கெல்லாம் நுரையோடு ஏறி மேலே ஒரு கிண்ணத்தில் விழும். தண்ணீர் பளிங்காக இருக்கும். பவளத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் சத்தம் போடும், கரண்டை விழுங்கும். மூன்றாவது, பாசித் தொட்டி. கீழே ஒரு தொட்டியில் கடற்பாசியை வளர்த்து அதற்கு ஒரு விளக்கு. பாசி அழுக்கைத் தின்று கொழுக்கும், அவ்வப்போது கத்தரித்து எறிய வேண்டும். சின்ன மோட்டார் போதும், அதுவும் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது.

"ஆனா பாசி நிதானமாத்தான் வேலை பார்க்கும். இவன் வளர்த்திருக்கிற பவளமெல்லாம் ரொம்ப நாசூக்கு. சிலது போயிடலாம்" என்றார் சேயோ. அந்த 'இவன்' என்ற சொல்லோடுதான் முதல்முறையாகக் கட்டிலைப் பார்த்தார். பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பேட்டரி. கரண்ட் போனால் ரமிரோவின் காற்று மெத்தையையும் மருந்து வைத்த பிரிட்ஜையும் அது தாங்கும், கூடச் சின்னதாக இன்னொன்றையும் தாங்கும். மெத்தை நின்றால் முதுகு புண்ணாகிவிடும். நுரைக் கோபுரத்துக்கு அதில் இடமில்லை. குஸ்தாவோ கூரையில் இன்னும் ரெண்டு சோலார் தகடு போட்டு இன்னொரு பேட்டரி வைக்கலாம் என்றான். சேயோ எந்த அளவு பேட்டரி என்றார். இருவரும் கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"அண்ணி, நீங்க சொல்லுங்க."

"அவனையே கேப்போம்" என்றேன்.

சேயோவின் போனை வாங்கி மூன்று படத்தையும் ஒவ்வொன்றாக ரமிரோவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "ரமிரோ, இதுவா? இதுவா? இல்ல இதுவா? பிடிச்சிருந்தா கண்ணை மூடித் திற." அவன் கண் போனில் நிற்கவில்லை. ஓரத்தால் நழுவித் தொட்டிக்கே போனது. நான் போனை இறக்கினேன்.

அதற்குள் மணி பத்து ஆகியிருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு, அவனுக்குத் துடைத்து உடுப்பு மாற்றியதும், தொட்டி விளக்கைப் போட்டுவிடுவேன். ராத்திரி அவன் தூங்கும்வரை எரியும். போட்டேன். நீலமும் ஊதாவுமாகத் தொட்டி எழுந்தது. ரமிரோவின் தொண்டையிலிருந்து நீளமாக ஒரு முனகல் வந்தது.

"பார்த்தீங்களா, பவளத்தைப் பார்த்ததும் என்ன குஷி" என்றான் குஸ்தாவோ. "தினமும் இப்படித்தான். கரண்ட் போனா மட்டும் கப்சிப்னு ஆயிடுவான். பாவம், பயம்."

சேயோ தலையாட்டினார். "பவளம் பிழைக்கணும். அப்ப நுரைக் கோபுரந்தான், அம்மாடி."

"எதையாவது போடுங்க" என்றேன்.

அவர்கள் வேலைக்கு வந்த நாளில் கூடமே மீன்சந்தையாகிவிட்டது. பழைய பில்டரைப் பிடுங்குவதற்குத் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். மீன்களைப் பிடித்துக் குளியலறையில் பெரிய டப்பாவில் விட்டார்கள். மேயரைப் பிடிப்பதற்குள் குஸ்தாவோ சட்டையெல்லாம் நனைந்து, "தேர்தல்ல தோத்தாலும் நாற்காலியை விடமாட்டேங்குது" என்று திட்டினான். பவளங்கள் மூடி போட்ட வாளிகளில். கடைசியாக விளக்குச் சட்டத்தையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். பின்கண்ணாடிக்கு ரமிரோ எப்போதோ கறுப்பு அடித்திருந்தான். முன்னே கண்ணாடி, பின்னே கறுப்பு, நடுவில் ஒன்றுமில்லை. வாசலில் அட்டைப்பெட்டியில் புது நுரைக் கோபுரம் நின்றது.

நான் எதிர்பார்த்தது அவன் கத்துவான் என்று. அவன் பார்ப்பதற்கென்று இருந்த ஒன்றையும் அவன் கண்ணெதிரே அள்ளிக்கொண்டு போயிருக்கிறோமே. கத்தவில்லை. மணி பத்தாகி, பதினொன்றும் ஆனது. முனகல்கூட இல்லை. கண் நன்றாகத் திறந்து, அதே இடத்தில், காலித் தொட்டியின் நடுவில் நின்றது. பவளமும் மேயரும் இருந்தபோது எங்கே பார்த்தானோ அங்கேதான்.

"அதிர்ச்சி" என்றான் குஸ்தாவோ மெல்ல.

அதிர்ச்சியடைந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். இது அது இல்லை. சேயோ காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அவர் சமையலறையிலேயே நின்று குடித்தார். நான் தலையணையைச் சரி செய்யக் கட்டிலுக்கு வந்தேன். குனிந்தேன். அவன் எதைத்தான் பார்க்கிறான் என்று, ஒரு காரணமும் இல்லாமல், அவன் காதோடு காது வைத்துத் தலையணையில் தலையைச் சாய்த்தேன்.

என் சமையலறை தெரிந்தது.

கறுப்புக்கு முன்னால் கண்ணாடியில், வளைவு, ஜன்னல் வெளிச்சம், அடுப்பு, ஆணியில் தொங்கும் காப்பித் துணி. கோப்பையோடு நின்று வயிற்றைச் சொறிகிற சேயோ. எல்லாவற்றுக்கும் நடுவில், சட்டம் போட்ட மாதிரி, நான் உட்காருகிற நீல ஸ்டூல்.

தலையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. விளக்குப் போட்டால் தொட்டிக்குள் இருப்பது தெரியும், கண்ணாடியில் தெரிவது போய்விடும். காலையில் விளக்குப் போடும்வரைதான் அவனுக்கு இது. கரண்ட் போன பகல்களில் இது. அவன் குஷியில் முனகவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு, அவனைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, விளக்கை அணைப்பது போல நான் என்னையே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேண்டாம் என்று அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறான்.

அவன் முன்னால் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம் உண்டு. நர்ஸுகளிடமிருந்து கற்றுக்கொண்டது. 'என்ன ராஜா, இன்னிக்கு எப்படி இருக்கு?' என்று கேட்கிற முகம். சமையலறைக்குள் நுழைந்ததும் அதை ஏப்ரனோடு கழற்றி வைத்துவிடுவேன். அந்த ஸ்டூலில் அடுப்பும் பற்றவைக்காமல், மடியில் கையை வைத்துக்கொண்டு, பிரிட்ஜையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. யாருக்கும் தெரியாத இடம் என்று நான் நினைத்த இடம் அது. அவனுக்குத் தெரிந்த இடமே அது ஒன்றுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று ஒன்று எனக்குள் இன்னும் இருக்கிறது என்பதே ஆச்சரியமாக இருந்தது.

எழுந்தேன். "அந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க. பாசித் தொட்டியே போடுங்க" என்றேன்.

குஸ்தாவோ கத்தியை ஏற்கெனவே அட்டைப்பெட்டியில் வைத்திருந்தான். "அண்ணி, இப்பப் போய்..."

"மேல விளக்கு வேணாம். கீழ, அலமாரிக்குள்ள, பாசிக்கு மட்டும்."

சேயோ கோப்பையோடு ஓடிவந்தார். "அம்மாடி, மேல விளக்கில்லாம மீன் இருந்துக்கும். பவளம் இருக்காது. ஒண்ணுகூட மிஞ்சாது."

"தெரியும். நீங்க எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும்."

அவர் வாளிகளைப் பார்த்தார். ஒவ்வொரு பவளமும் எந்த வருஷம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் தெரிந்தது எனக்குப் புரிந்தது: இவள் மனுஷிதானா என்று யோசிக்கிறார். குஸ்தாவோ யோசிக்கவில்லை, சொல்லியே விட்டான்.

"அண்ணனோட உயிரு அது. பேச முடியாதவன்னு அவன் கண்ணு முன்னாலயே வித்துத் தின்னுற மாதிரி இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே உறைக்காதா அண்ணி?"

"விளக்கு எரிஞ்சா அவனுக்குத் தெரியாதுடா."

"என்ன தெரியாது?"

"அங்க தலையை வெச்சுப் பாரு."

முறைத்துக்கொண்டே போனான். பெரிய உடம்பை மடக்கி அண்ணனின் பக்கத்தில் தலையணையில் தலையை வைத்தான். நான் சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவ்வளவு நேரம் அவன் வாயை மூடி நான் பார்த்ததில்லை. கடைசியில் குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, உங்க அடுப்பு ரொம்ப அழுக்கா இருக்கு."

பிறகு எழுந்து யாரையும் பார்க்காமல் வாளிகளைத் தூக்கிச் சேயோவின் வண்டியில் வைக்க ஆரம்பித்தான். நான் சேயோவுக்கு எதையும் விளக்கவில்லை. அவராகவே கட்டிலுக்குப் போய் ரமிரோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வளர்ப்பேன்டா, கவலைப்படாதே" என்று அழுதார். அவர் அழுகை அவருக்கு.

பாசித் தொட்டி மாட்டி முடிந்து தண்ணீர் தெளிந்த பிறகு மேயரையும் மற்ற மீன்களையும் திரும்ப விட்டார்கள். அலமாரிக் கதவை மூடினால் கீழே இருக்கும் விளக்கு துளிகூட வெளியே தெரியாது. மேலே தொட்டி இருட்டுத்தான். இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது அதைப் பார்த்து, ஐயோ பாவம், எப்படி இருந்த தொட்டி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

மீன்களைத் திரும்ப விட்ட மறுநாள் காலை அவனைத் துடைத்து உடுப்பு மாற்றினேன். பத்து மணி ஆனது. நான் எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. சமையலறைக்குப் போய் ஸ்டூலை இழுத்து, பிரிட்ஜைப் பார்த்தல்ல, கூடத்தைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருந்ததையே வைத்துக்கொண்டேன். மடியில் தட்டு வைத்து வாழைக்காய் சீவினேன். பாதிக் காயில் நிமிர்ந்து, அவன் தலைக்கு மேலாக, தொட்டியைப் பார்த்தேன்.

கண்ணாடியில் அவன் முகம் இருந்தது. தலையணையில், சின்னதாக. அங்கிருந்து நான் தெரிந்தால் இங்கிருந்து அவன் தெரிய வேண்டும் என்று இத்தனை காலமும் எனக்கு உறைக்கவில்லை. நான் ஸ்டூலில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தால் போதும்.

அழுதேன் என்று சொல்ல ஆசைதான். அழவில்லை. கத்தி கையிலேயே நின்றது. "எத்தனை நாளாடா பாத்துக்கிட்டே இருக்கே?" என்று கேட்டேன்.

மேயர் எங்களுக்கு நடுவில் குறுக்கே போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, ரமிரோவின் கண் மறுபடி என்னிடம் வந்தது.